துப்பாக்கிக்கு நாங்கள் எழுதிய நிபந்தனை

அடுத்த மாதத்திலிருந்து நம் சுரங்கத்தின் சேஃப்டி பிரிவில் என் மேசையில் நீங்கள் இருவரும் மாறி மாறி உட்காரப் போகிறீர்கள். விபத்து நடந்த இடத்தை அளப்பது, வரைபடம் போடுவது, பள்ளத்துக்கு எவ்வளவு சரிவு வேண்டும் என்று பார்ப்பது இதையெல்லாம் பயிற்சியில் கற்றுக்கொண்டுதான் வருகிறீர்கள். அவற்றைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. முப்பது வயதுகூட ஆகாதவள் பணி அனுபவம் எழுத உட்காருவது கொஞ்சம் அதிகப்படிதான். ஆனால் கல்யாணமாகி வடக்கே போகிறேன், வேலையை விடுகிறேன். இந்த மேசையைப் பொறுத்தவரை நான் ஓய்வு பெற்றவள்.

நான் சொல்ல வந்தது, நம்மிடம் அபிப்பிராயம் கேட்டு வரும் காகிதங்களைப் பற்றி. அவற்றில் ஒன்று துப்பாக்கி லைசென்ஸ்.

புதிய ஆயுதச் சட்டம் வந்து ஓரிரு வருஷம் ஆகியிருந்த நேரம் அது. லைசென்ஸ் கொடுப்பவர் கடலூரில் இருக்கும் கலெக்டர். ஆனால் அவர் கையெழுத்துப் போடும் முன்பு கிராம முன்சீப்பைக் கேட்பார், தாசில்தாரைக் கேட்பார், போலீஸைக் கேட்பார். விண்ணப்பித்தவர் டவுன்ஷிப்புக்குள் வேலை செய்பவராக இருந்தால் எங்கள் அலுவலகத்தையும் கேட்பார். எல்லோரும் எழுதும் பதில் ஒன்றுதான்: ஆட்சேபணை இல்லை. ‘கொடுக்கலாம்’ என்று யாரும் எழுதுவதில்லை. கொடு என்று ஒருவர்கூடச் சொல்லாமலே ஒரு மனிதரின் கைக்குத் துப்பாக்கி வந்து சேர்ந்துவிடும்.

அப்படி விண்ணப்பித்தவர் தணிகாசலம். சுரங்கத்தைச் சுற்றி வடிகால் வெட்டும் வேலைக்கு ஆள் விடும் கான்ட்ராக்டர். மந்தாரக்குப்பத்தில் மாடி வீடு. சனிக்கிழமைதோறும் கடலூரிலிருந்து ஜீப்பில் கூலிப் பணம் கொண்டு வருவார். வழியில் முந்திரிக் காடு, ஆள் நடமாட்டம் கிடையாது, அதனால் ஒரு ரிவால்வர் வேண்டும் என்று கேட்டிருந்தார். காரணத்தில் பொய் இல்லை.

எங்கள் சேஃப்டி ஆபீசர் கையில் அந்தக் காகிதம் வந்தது. அவர் பெயரை எழுத மாட்டேன். வேறொரு புராஜெக்டிலிருந்து வந்தவர். தொழிலாளிகளிடம் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. முக்கியமான காகிதம் எதுவானாலும் என்னைக் கூப்பிட்டு, “நீ என்னம்மா நினைக்கறே?” என்று கேட்பார். வந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு டிராஃப்ட்ஸ்மேனிடம் அப்படிக் கேட்கும் அதிகாரி எத்தனை பேர் இருப்பார்கள்? பெண்ணானாலும் அந்த வேலைக்கு டிராஃப்ட்ஸ்மேன் என்றுதான் பெயர்.

அப்போது கான்ட்ராக்ட் ஆட்களைப் பர்மனென்ட் ஆக்க வேண்டும் என்று சைட்டில் கொந்தளிப்பு. ஆபீசருக்கு அதுதான் கவலை.

“துப்பாக்கியை மேசைமேல வச்சுக்கிட்டு கூலி கொடுக்கறான்னு பேச்சு வந்துடும். மிரட்டறான்னு நினைப்பாங்க. கண்ணுல படக்கூடாது” என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதி அதன் கீழே தம் கையாலேயே ஒரு வரி சேர்த்தார். பணியிடத்தில் ஆயுதம் வெளியே தெரியாதபடி வைத்துக்கொள்ளப்பட வேண்டும்.

அந்த வரி கலெக்டர் ஆபீஸ் போய், லைசென்ஸோடு நிபந்தனையாகத் திரும்பி வந்தது.

நாங்கள் இருவரும் யோசிக்காதது என்ன என்று இப்போது வரிசையாகச் சொல்ல முடிகிறது. கேட்டில் நிற்கும் காவலருக்கு இருந்த உத்தரவு, ஆயுதத்தைக் கண்டால் வாங்கி வைக்க வேண்டும் என்பது. காணாத ஆயுதத்தை அவர் எப்படி வாங்குவார்? வெளியே தெரியும் துப்பாக்கிக்கு வார் வைத்த உறை உண்டு. மறைக்கும் துப்பாக்கிக்கு இடம் இன்னது என்று யாரும் சொல்லவில்லை. தணிகாசலமே ஓர் இடம் கண்டுபிடித்தார். இந்தப் பக்கத்து வியாபாரிகள் வேட்டிமேல் கட்டுவார்களே அகலமான பச்சைத் தோல் பெல்ட், அதில் பணம் வைக்கும் பையைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துப் பெரிதாக்கிக்கொண்டார். மேலே சட்டை தொங்கியது. நிபந்தனை நிறைவேறியது.

மறைத்து வைத்தது வேலைக்காரர்களுக்குத் தெரியாமல் இல்லை. கேட்டுக்கும் எங்கள் அலுவலகத்துக்கும்தான் தெரியவில்லை. பள்ளத்தை அளக்க நான் போகும்போது அவர்கள் பேசிக்கொள்வது காதில் விழும். அதில் வாய் நீளமானவர் பச்சையம்மா. கம்மாபுரம் பக்கத்து ஊர். கணவர் காசியும் அவரும் அங்கேயே மண் சுமந்தார்கள்.

“கான்ட்ராக்டரு ஏன்டி ஒரு பக்கமா சாஞ்சிகினு நடக்கறாரு?” என்றாள் ஒருத்தி.

“இடுப்புல கோழி அட காக்குது. கிட்ட போவாதிங்க, கொத்தும்” என்றார் பச்சையம்மா.

தணிகாசலத்துக்கும் அது கேட்டது. “கைக்குக் கூலி குடுக்கறது பத்தாது, ஒன் வாய்க்குத் தனியா குடுக்கணும் பச்சையம்மா” என்றார். “குடுங்களேன், வாணாம்னா சொல்றன்?” என்று அவர் சொல்ல, கூடையோடு நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். தணிகாசலமும் சிரித்தார்.

அதற்குச் சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை நான் கொஞ்சத் தூரத்தில் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேப்பமரத்தடியில் மேசை, மடக்கு நாற்காலி, எதிரே வரிசை. பெட்டிச் சாவியை எடுக்கத் தணிகாசலம் பெல்ட்டுப் பையின் பொத்தானைத் திறந்திருக்கிறார். காற்றில் ஒரு காகிதம் பறந்தது. பிடிக்கக் குனிந்தார். ரிவால்வர் நழுவி மேசையின் இரும்புக் காலில் பட்டு வெடித்தது. ஜீப் டயர் வெடித்தது என்று நினைத்து எல்லோரும் ஜீப்பைத் திரும்பிப் பார்த்தோம்.

வரிசையில் பச்சையம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். பின்னால் நின்றவள், “வரிசையில ஏன்டி குந்திகினே, நவுரு” என்று அதட்டினாள். பிறகுதான் முழங்காலைப் பார்த்தாள்.

கால் போகவில்லை. ஆனால் மூட்டு மடங்காமல் நின்றுவிட்டது. மண் கூடையைத் தூக்க முதலில் குனிய வேண்டும், குனிய முழங்கால் வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோதே அவருடைய வேலை போய்விட்டது என்று அவருக்கும் தெரியும், காசிக்கும் தெரியும். மிச்சம் இருந்தது நஷ்டஈடு ஒன்றுதான்.

அதற்கு எங்கள் விபத்து ரிப்போர்ட் வேண்டும். இடத்தை நான் வரைந்தேன். காரணம் எழுத வேண்டியவர் ஆபீசர். லேபர் பிரிவு கிளார்க் ஒருவர் அன்று எங்கள் அறைக்கு வந்தார். கேலிப் பேர்வழி, ஆனால் இந்த மாதிரி வழக்குகளில் பழக்கம் உள்ளவர்.

“சார், பெரிசா ஒண்ணும் வேணாம். வேலை இடத்துல, கூலி வாங்க நிக்கும்போது, கான்ட்ராக்டர் வச்சிருந்த பொருள் விழுந்து காயம். இது போதும். நஷ்டஈடு தானா வந்துடும். எப்படி விழுந்துது, எங்கேருந்து வந்துதுங்கறதைப் போலீஸ் எழுதிக்கட்டும். அவங்களுக்கும் பொழுது போகணும் இல்லியா?”

ஆபீசர் சிரிக்கவில்லை. “மறைச்சு வைக்கச் சொன்னது நான். அதை எழுதாம நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?”

“எழுதினா கேஸ் வேற பக்கம் திரும்பிடும் சார்.”

“உண்மை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் திரும்பட்டும்.”

கிளார்க் என்னைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். நான் கேட்டேன். “இதை எழுதினா அந்தம்மாவுக்கு நல்லதா சார்?”

“உண்மையை எழுதினா யாருக்கும் கெடுதல் வராதும்மா” என்றார்.

அவர் கண்ணைப் பார்த்தபோது கேட்டதே தப்பு என்றுகூடத் தோன்றியது. ரிப்போர்ட்டில் அவர் ஒளிவுமறைவில்லாமல் எழுதினார். லைசென்ஸுக்கு இந்த அலுவலகம் ஆட்சேபணை சொல்லவில்லை, மறைத்து வைக்கும் நிபந்தனையைப் போட்டதும் இந்த அலுவலகம்தான், எனவே நடந்ததற்கு அரசுத் தரப்புக்கே முதல் பொறுப்பு என்று. அப்படி எழுத எவ்வளவு தைரியம் வேண்டும் என்பது நீங்கள் இன்னும் நாலைந்து ரிப்போர்ட் பார்த்தால் புரியும்.

நஷ்டஈட்டு விசாரணைக்கு வரைபடத்தோடு நான் கடலூர் போனேன். தணிகாசலத்தின் வக்கீல் எங்கள் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் எழுந்தார். மண் வெட்டும் தொழிலுக்குத் துப்பாக்கி கருவி இல்லை. அதைக் கொடுத்தது அரசு. மறைத்து வைக்கச் சொன்னது அரசு. பொறுப்பு தங்களுடையது என்று அவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இதில் கூலி கொடுப்பவருக்கு என்ன சம்பந்தம்? அவர் பேசியது அவ்வளவுதான். காயம் வேலையால் வந்ததல்ல என்று தீர்ப்பாயிற்று.

வெளியே வராந்தாவில் காசி தங்கள் வக்கீலைக் கேட்டார். “சர்க்காருதான் பொறுப்புன்னு சர்க்கார் ஆபீசரே எழுதிட்டாருங்களே. அப்ப சர்க்கார் மேல கேஸ் போடுங்க.”

“அதுல நிக்காதுப்பா. லைசென்ஸ் குடுக்கறது ராஜாங்க காரியம். சர்க்கார் ஜீப் ஒன் சம்சாரத்து மேல ஏறியிருந்தா கேக்கலாம். இதுக்குக் கேக்க முடியாது.”

காசி அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். “ஜீப்பு ஏறுனா கேக்கலாம். கையெழுத்து ஏறுனா கேக்க முடியாது. அப்பிடித்தானுங்களே?”

வக்கீல் தலையை ஆட்டிவிட்டுக் காகிதங்களைக் கட்டினார்.

ரிப்போர்ட்டில் பொறுப்பு அரசுடையது. சட்டத்தில் அரசைக் கேட்க முடியாது. தணிகாசலம் கிரிமினல் கோர்ட்டில் அஜாக்கிரதைக்கு அபராதம் கட்டினார். பச்சையம்மாவுக்கு எந்தப் பக்கத்திலிருந்தும் ஒன்றும் வரவில்லை. கிளார்க் சொன்ன அந்த ஒரு வரியில் நின்றிருந்தால் வந்திருக்கும்.

ஆபீசர் அடுத்த வருஷம் பதவி உயர்வில் வேறு ஊருக்குப் போனார். வழியனுப்பு விழாவில் ஒருவர், தம் தவறைத் தாமே எழுதிய அதிகாரி என்று பேசினார். எல்லோரும் கைதட்டினோம். அவர் நல்லவர் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் அவரிடம் அன்று சொல்லத் தெரியாததை உங்களிடம் சொல்கிறேன். நம் மனச்சாட்சிக்கு எழுத வேண்டியதை இன்னொருவர் சோறு அடங்கிய காகிதத்தில் எழுதக் கூடாது. தனியாக ஒரு தாள் எடுத்துக் கலெக்டருக்கே எழுதியிருக்கலாம். எங்கள் நிபந்தனை தவறு, அதை நீக்குங்கள் என்று. அதைத்தான் அவர் எழுதவில்லை. தவறை ஒப்புக்கொண்டதிலேயே அது திருந்திவிட்டதாக நினைத்தார். நாங்களும் அப்படியே நினைத்தோம். நிபந்தனை பைலில் அப்படியே இருந்தது.

சில மாதம் கழித்துக் கம்மாபுரம் பக்கம் ஒரு வேலையாகப் போனபோது பச்சையம்மா வீட்டுக்குப் போனேன். வாசலில் பாறாங்கல் ஒன்றின்மேல் காலை நீட்டி உட்கார்ந்து, மல்லாட்டை என்று அங்கே சொல்லும் வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்தார்.

“வாம்மா. அப்பிடிக் குந்து. எனக்குத்தான் கால மடக்கிக் குந்த முடியாது, நீயாவது குந்து.”

உட்கார்ந்தேன். மகள் வள்ளி எங்கே என்று கேட்டேன்.

“வேலைக்குப் போயிருக்குது. அவருகிட்டதான்.”

“எவர்கிட்ட?”

“கோழி அட காக்கறவருகிட்ட.”

அவரே சொன்னார். “வேற எங்கம்மா போவுறது? எங்களுக்கு நெலமா இருக்குது? வச்சிருந்தவங்க நெலமும் மைன்ஸுக்குப் போயிடுச்சி. அறுப்புக்குக் கூப்புட ஆளில்ல. அவரு மேல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல. வேணும்னா செஞ்சாரு?”

மல்லாட்டையைக் கீழே வைத்தார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறன். பாத்து சொல்லு. அது இன்னும் அவரு இடுப்புல இருக்குதா, இல்லியா? வள்ளிகிட்ட கேட்டா தெரியலங்குது. முன்ன மாதிரி சாஞ்சி நடக்கறதில்லியாம், நேரா நடக்கறாராம். இல்லாததால நேரா நடக்கறாரா, பழகிப்போயி நேரா நடக்கறாரா? அதான் ரோசனையா இருக்குது.”

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். சுலபமான காரியம் என்று நினைத்தேன்.

விபத்தன்று எடுத்துப்போன ரிவால்வரைப் போலீஸ் திருப்பிக் கொடுத்ததா என்று விசாரித்தேன். கோர்ட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றார்கள். லைசென்ஸ் புதுப்பிக்கப்பட்டதா என்று அலுவலகம் மூலமாகக் கலெக்டர் ஆபீஸுக்கு எழுதிக் கேட்டேன். அது உரிமம் பெற்றவருக்கும் வழங்கியவருக்கும் இடைப்பட்ட விஷயம் என்று பதில் வந்தது. ஆட்சேபணை உண்டா என்று கேட்கும்போது நாங்கள் வேண்டும். பிறகு வேண்டாம். கடைசியில் சனிக்கிழமை நானே சைட்டுக்குப் போனேன்.

அதே வேப்பமரம், அதே மேசை. வரிசை அப்போதுதான் சேர்ந்துகொண்டிருந்தது. வள்ளி நடுவில் நின்றாள். தணிகாசலம் எழுந்து வணக்கம் சொன்னார். சட்டை தொங்கியது. நான் அவர் இடுப்பைப் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

“வச்சிருக்கீங்களா?” என்று நேராகவே கேட்டேன்.

“என்னாம்மா இப்பிடிக் கேக்கறீங்க? வெளிய தெரியக்கூடாதுன்னு எழுதிக் குடுத்ததே ஒங்க ஆபீசுதானே. இருக்குதுன்னு சொன்னா ஒங்க பேச்ச மீறுனவன் ஆவறன். இல்லன்னு சொன்னா அது நாலு பேர் காதுல வுழுந்து நாளைக்கே எவனாவது முந்திரித் தோப்புல மடக்குவான். நான் என்னா சொல்லட்டும், நீங்களே சொல்லுங்க.”

கிண்டலாகச் சொல்லவில்லை. அவருக்கும் அது உண்மையான சங்கடம்தான்.

சட்டையைத் தூக்குங்கள் என்று சொல்லலாமா? ஒரு பெண், அத்தனை பேர் முன்னால். அவர் மறுத்தால் எனக்கு மேற்கொண்டு அதிகாரம் கிடையாது. சிரிப்பொலி கிளம்பும், அதற்குப் பிறகு நான் சொல்வதை அந்த சைட்டில் யாரும் கேட்க மாட்டார்கள். லைசென்ஸை ரத்து செய்ய என்னால் முடியாது. சோதனை போட முடியாது. பதில் வாங்கக்கூட முடியவில்லை. என் கைக்கு எட்டுவது என்ன என்று சுற்றிலும் பார்த்தேன். கொஞ்சம் தள்ளி டைம்கீப்பரின் செங்கல் அறை இருந்தது, அதற்கு ஒரு சின்ன ஜன்னல். தலைக்கு மேலே வேப்பமரத்தில் ஒரு கிளை காய்ந்திருந்தது.

“இந்தக் கிளை ஆபத்து. இதுக்குக் கீழ ஆளுங்க நிக்கக் கூடாது. இனிமே நீங்க அந்த அறைக்குள்ள உட்கார்ந்து ஜன்னல் வழியாக் கூலி கொடுங்க” என்றேன்.

அவர் அண்ணாந்து பார்த்தார். “இதுவா வுழப்போவுது?”

“விழுந்தா யார் பொறுப்பு? எழுதிக் கொடுக்கறீங்களா?”

எழுதிக் கொடுப்பது என்றதும் அவர் யோசித்தார். இந்த வழக்கில் எழுதிக் கொடுத்தவர்கள் பட்ட பாடு அவருக்குத் தெரியாதா? அன்றைக்கே மேசையை உள்ளே தூக்கிப் போகச் சொன்னார்.

குறிப்பேட்டில், மரக்கிளை காய்ந்திருப்பதால் கூலி வழங்கும் இடம் மாற்றப்பட்டது என்று எழுதினேன். துப்பாக்கி என்ற சொல் அதில் வரவில்லை. கிளை காய்ந்திருந்தது உண்மை. அது விழ இன்னும் பல வருஷம் ஆகும் என்பதும் உண்மை. எங்கள் ஆபீசர் இருந்திருந்தால் அந்தக் குறிப்பில் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். நீங்கள் போடுவீர்களா என்று எனக்குத் தெரியாது. நிபந்தனையை நீக்கச் சொல்லிக் கலெக்டருக்குத் தனியாக ஒரு கடிதம் தயார் செய்து மேலே அனுப்பியிருக்கிறேன். இதுவரை திரும்பவில்லை. என் மேசைக்கு வந்த பிறகு அதைக் கேட்டுக்கொண்டே இருங்கள்.

அடுத்த வாரம் பச்சையம்மாவிடம் போனேன்.

“பாத்தியாம்மா? இருக்குதா, இல்லியா?”

“தெரியலைங்க” என்றேன். அவர் முகம் ஒன்றும் மாறவில்லை. அதைத்தான் எதிர்பார்த்திருப்பார் போல. “ஆனா இனிமே மரத்தடியில கூலி இல்ல. அவர் அறைக்குள்ள இருப்பார். வள்ளி வெளியில நிப்பா. ஜன்னல் வழியா வாங்கிக்கலாம். நடுவுல சுவர் இருக்கு.”

“சொவரு எம்மாந் தடிப்பு?”

“ஒரு செங்கல் நீளம்.”

பச்சையம்மா இரண்டு கைகளையும் எதிரெதிரே விரித்து, முழங்காலுக்கு மேலே பிடித்துக் காட்டினார். “இம்மாம் இருக்குமா?”

அது அதிகம். நான் அவர் கைகளைப் பிடித்துக் கொஞ்சம் நெருக்கி வைத்தேன்.

“இவ்வளவுதாங்க.”

கைகளை அசைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, நடுவில் இருந்த இடைவெளியை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.